மூன்றாவது லைன்

ஏழு மணிக்கு நகரத்திலிருந்து தொலைபேசி வரும்.
"புருல்சா, மூன்றை இறக்கு."
இறக்குவேன்.
மூன்றாவது லைனில் இருக்கின்றன
பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை, நாற்பத்தொரு வீடு.
அதில் ஒன்று என் வீடு,
என் வீட்டு அலமாரிக்கடியில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் முப்பத்தாறு முட்டை.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
நாரின் ஆறு தன்மேல் தானே கதவைச் சாத்திக்கொண்டது.
இந்தக் குளிரில் யாராவது குஞ்சு பொரிப்பார்களா என்று
கேட்டவர்களுக்கெல்லாம் கணக்குச் சொன்னேன்:
ஜனவரியில் ஓடு உடைத்தால் ஜூன் கடைசியில் முட்டை வைக்கும்,
மலைக்கு ஏறும் ஆட்டுக்காரர்களிடம்
நான் சொன்னதுதான் விலை.
சொல்லாத கணக்கும் ஒன்று உண்டு.
மாஸ்கோவில் தெருக் கூட்டும் தொக்தோசுன்
நவம்பரிலிருந்து பணம் அனுப்பவில்லை.
கோழிக்கு அது தெரிய வேண்டியதில்லை.

முட்டைக்கு வேண்டியது முப்பத்தேழரை.
பிள்ளையின் காய்ச்சலுக்குக் காவலிருப்பது போல;
ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்.
பத்தாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு
டார்ச்சின் வாயில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்,
நானும் என் மகன் எர்மெக்கும்.
சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு,
நடுவே ஒரு புள்ளி துள்ளியது.
ஏழு முட்டை வெறும் நிலா.
இரண்டில் ரத்த வளையம்.
அந்த ஒன்பதையும் பனியில் எறிந்தேன்,
விடிவதற்குள் கல்.

ஏழிலிருந்து பத்து வரை இருட்டு.
எர்மெக் வெந்நீர்ப் புட்டிகளைப் பெட்டிக்குள் அடுக்கி,
கம்பளியைப் போர்த்திவிட்டு,
எனக்கு எண்ணை மட்டும் அனுப்புவான்.
37.1
36.8
36.8
அம்மா என்றுகூட எழுதமாட்டான்.

பதினெட்டாம் நாள். முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தியாயிற்று.
அன்றைக்கு இறக்கச் சொன்னவர்கள் ஏற்றச் சொல்லவே இல்லை.
பத்து. பத்தரை. அணையில் தண்ணீர் இல்லையாம்.
35.2
என் முன்னால் கைப்பிடி, கறுப்பு ரப்பர்,
தேய்ந்த இடம் என் உள்ளங்கை அளவு.
மேலே தள்ளினால் தெரு முழுக்க வெளிச்சம்.
ஊரே வாழ்த்தும், ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.
ஆனால் நான்காவது லைனில் பிரசவ ஆஸ்பத்திரி.
இருக்கிற மின்சாரம் ஒரு வாய்க்குத்தான்.
34.6

"இங்கே கொண்டு வா" என்று எழுதினேன்.

வந்தான், முழங்கால் வரை பனி.
அப்பாவின் தொளதொள கோட்டுக்குள்ளே
இருபத்தேழு முட்டையையும் சால்வையில் வயிற்றோடு கட்டி,
நிறைமாதக்காரி போலப் பின்னால் சாய்ந்து
அடிமேல் அடி வைத்து.
சிரித்தேன். பிறகு சிரிப்பு என்னவோ ஆகிவிட்டது.

அந்நியர் நுழையக் கூடாது என்ற பலகைக்குக் கீழே
ஒரு ஹீட்டர் எப்போதும் எரியும், விதிப்படி:
கருவிகள் குளிரக் கூடாது.
அதன் பக்கத்தில் அட்டைப்பெட்டி, ஈரத்துண்டு, தெர்மாமீட்டர்.
அடுத்த ஷிப்டுக்கு வந்த ஜிர்கல் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் துண்டை மறுபடி நனைத்தாள்.

இருபத்தொன்றாம் நாள், ஏழு மணி.
"புருல்சா, மூன்றை... அது என்ன சத்தம்?"
"ரிலே."
கம்பியின் அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள்.
"எத்தனை ரிலே?"
"இதுவரை பதினொன்று."
"ஹீட்டருக்கு ரொம்பக் கிட்டே வைக்காதே. மூன்றை இறக்கு."
இறக்கினேன்.

பத்தொன்பது வந்தன.
ஒன்றுக்குக் கால் பரத்திக்கொண்டது,
ஒயர் சுற்றும் டேப்பை நறுக்கி இரண்டையும் சேர்த்துக் கட்டினேன்.
ஒன்று ராத்திரி முழுக்க உள்ளேயிருந்து தட்டியது.
உடைத்துவிடக் கூடாது என்பார்கள்; உடைக்கவில்லை.
விடியும்போது தட்டல் இல்லை.
அதைப் பனியில் எறிய மட்டும் கை வரவில்லை.

இப்போது அவை வீட்டில், டிவி வந்த அட்டைப்பெட்டியில்,
வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வருகிறோம்.
ஏழு மணிக்குத் தொலைபேசி வருகிறது.
இறக்குகிறேன். காத்திருக்கிறேன்.
19
19
18
நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.
19. கட்டிலுக்கடியில் இருந்தது.